அந்தமானில் ஸ்கூபா: படகில் ஏறும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து சிறு குழுக்களாக அந்தமானுக்கு ஸ்கூபா டைவ் (முதுகில் காற்றுச் சிலிண்டருடன் கடலுக்குள் இறங்குவது) செய்யப் போகிறவர்களுக்குப் பயண ஏற்பாட்டில் உதவி வருகிறேன். தொலைபேசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடலடியைப் பற்றிக் குறைவாகவும் கரையைப் பற்றி அதிகமாகவும் பேசியிருப்பது தெரிந்து செய்ததுதான். டைவ் பயணங்கள் பெரும்பாலும் கரையிலேயே கெட்டுப்போகின்றன: விமான டிக்கெட்டின் தேதியில், கவனிக்காமல் விட்ட சளியில், மருத்துவப் படிவத்தில் எழுதிய பொய்யில்.

எந்த மாதங்களில் போகலாம்?

அக்டோபர் முதல் மே மாத முதல் பாதி வரை டைவிங் பருவம். ஆனால் எல்லா மாதமும் ஒன்றல்ல. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாகும் காலம். ‘தெற்கு அந்தமான் கடல் பகுதியில்’ என்று வானிலை அறிக்கையில் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரை என்பேன். கடல் அலையடங்கிக் கிடக்கும். நல்ல நாளில் நீருக்குள் இருபது மீட்டருக்கு மேல் கண்ணுக்கு எட்டும். தண்ணீர் 28, 29 டிகிரியில் இதமாக இருக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பல டைவ் மையங்கள் அப்போது படகுகளைக் கரையேற்றிவிடுகின்றன.

தேதியை உறுதி செய்வதற்கு முன் நாட்காட்டியில் திதியையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலின் ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வலுவாக இருக்கும். இடையில் வரும் அஷ்டமி, நவமியை ஒட்டி நீர் சற்று அடங்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அந்த நாட்கள், புதிதாக டைவ் கற்பவருக்கு உகந்தவை.

எத்தனை நாள் வேண்டும்? ‘நான்கு இரவு ஐந்து பகல்’ பேக்கேஜ் போதுமா?

நீரை எட்டிப் பார்த்துவிட்டு வரப் போதும். முறையாகக் கற்க வேண்டுமானால் போதாது. நாட்களை முதல் நாளிலிருந்து எண்ணாதீர்கள். ஊர் திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

டைவ் முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது. டைவர்களின் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் வகுத்த வழிகாட்டுதலின்படி, ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல டைவ், அல்லது பல நாட்கள் தொடர்ந்து டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். என் குழுக்களுக்கு நான் முழுதாக ஒரு நாள் விடச் சொல்வேன். டைவிங்கின் தலைமையிடமான ஹேவ்லாக்கில் விமான நிலையமும் இல்லை. அங்கிருந்து போர்ட் பிளேருக்குத் தனியார் விரைவுப் படகில் ஒன்றரை மணி நேரம், அரசுப் படகில் இரண்டு, இரண்டரை மணி நேரம். விமானத்துக்கு முந்தைய நாளே போர்ட் பிளேருக்கு வந்து தங்கிவிடுவதுதான் முறை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சென்னை விமானம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி டைவ் சனிக்கிழமை காலை. மதியப் படகில் போர்ட் பிளேர், இரவு அங்கே. சான்றிதழ் படிப்புக்கு மூன்று அல்லது நான்கு நாட்கள், அதன்பின் ஆசைக்கு ஒரு நாள், வானிலைக்கு ஒரு நாள். ஆகவே முந்தைய ஞாயிறு போனால் அடுத்த ஞாயிறு திரும்பலாம். அந்த ‘வானிலைக்கு ஒரு நாள்’ வீண் என்று வெட்டிவிடாதீர்கள். 2016 டிசம்பரில் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றபோது ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. அந்தக் காற்றழுத்தம்தான் சில நாட்களில் வர்தா புயலாகச் சென்னையைப் புரட்டிப்போட்டது.

டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். 2018-இல் ஹேவ்லாக் சுவராஜ் தீவு என்றும் நீல் சாகீத் தீவு என்றும் பெயர் மாற்றப்பட்டன. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்றும் பழைய பெயர்கள்தான். அரசுத் தளங்களில் புதியவை.

விமானத்துக்கும் டைவிங்குக்கும் என்ன சம்பந்தம்?

ஆழத்தில் அழுத்தம் அதிகம். பத்து மீட்டரிலேயே தரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசைகளிலும் கரைந்து சேர்கிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சுவழி வெளியேறிவிடும். மிச்சம் இருக்கும்போதே சுற்றுப்புற அழுத்தம் சட்டென்று குறைந்தால், கரைந்த நைட்ரஜன் உடலுக்குள்ளேயே குமிழிகளாகும். மூட்டுவலி, தோலில் தடிப்பு, மரத்துப்போதல் என்று தொடங்கி பக்கவாதம் வரை போகக்கூடிய நோய் இது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயர மலைமீது இருப்பதற்குச் சமம்.

இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தூத்துக்குடியிலோ ராமேசுவரத்திலோ காலையில் டைவ் செய்துவிட்டு அன்று மாலையே காரில் கொடைக்கானல் ஏறுவதும் அதே ஆபத்துதான். கொடைக்கானல் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. விமானம் இல்லை என்பதால் விதியும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எதிர்த்திசையிலும் இது உண்மை. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் வருகிறவருக்கு இந்தக் காத்திருப்பே தேவையில்லை. கடல் மட்டத்திலேயே மூன்று நாள் பயணம். விடுப்பு தாராளமாக இருப்பவர்கள் யோசிக்கலாம். குளியலறையைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

எனக்கு நீச்சல் தெரியாது. டைவ் செய்ய முடியுமா?

பயிற்றுநர் உடன் வரும் அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை. இதில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். பெரும்பாலும் அதற்கும் மேலேயே நிறுத்திவிடுவார்கள். பயிற்றுநர் உங்கள் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்தபடி வழிநடத்துவார். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே: மூச்சை நிறுத்தாமல் விடுவது, காதைச் சமன் செய்வது (எப்படி என்று பிறகு சொல்கிறேன்). வெளியே வரும்போது முகத்தில் மகிழ்ச்சி நிரம்பியிருக்கும். ஆனால் அதை ‘டைவிங் கற்றுக்கொண்டேன்’ என்று எண்ணிவிடக் கூடாது.

ஓப்பன் வாட்டர் எனப்படும் முதல்நிலைச் சான்றிதழுக்கு நீச்சல் வேண்டும். 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேர வரம்பு இல்லை. பிறகு பத்து நிமிடம் பிடிமானமின்றி மிதக்க வேண்டும். வேகம் யாருக்கும் பொருட்டில்லை. கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்றுக்கொண்ட நீச்சலே போதும். இந்தச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை போகலாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர்.

பாடப் பகுதியை ஊரிலேயே இணையவழிப் படித்து முடித்துவிட்டுப் போங்கள். கடல் எதிரே கிடக்கும்போது விடுதி அறையில் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது போன்ற கொடுமை வேறில்லை.

மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதினால் டைவ் செய்ய விடமாட்டார்களாமே?

விடமாட்டார்கள் என்பதில்லை, மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, நுரையீரல் சரிவு, காதில் அறுவை சிகிச்சை, சர்க்கரை நோய், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவை படிவத்தில் கேட்கப்படும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் பற்றித் தனிக் கேள்விகள் உண்டு.

ஆஸ்துமாவை ஏன் கேட்கிறார்கள்? மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரிவடையும். மூச்சுக்குழாய் இறுகியிருந்தால் அந்தக் காற்று வெளியேற வழியின்றிச் சிக்கி, நுரையீரலைக் கிழித்துவிடலாம். டைவிங்கின் முதல் விதியே ‘மூச்சைப் பிடித்து நிறுத்தாதே’ என்பதுதான். ஆஸ்துமா உடல் உங்களைக் கேட்காமலே அந்த விதியை மீறும். இது படிவக்காரர்களின் கெடுபிடி அல்ல.

செய்ய வேண்டியது எளிது. டைவ் மையத்திடம் படிவத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் வாங்கி, உங்களை நன்கு அறிந்த மருத்துவரிடம் ஊரிலேயே காட்டிக் கையெழுத்து பெறுங்கள். ஹேவ்லாக்கில் போய் இறங்கிய பின் மருத்துவரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும்; அந்த ஒரு நாளுக்குப் பயந்துதான் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது. கருவின் மீது அழுத்தத்தின் விளைவைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை.

மாதவிடாய் நாட்களில்?

செய்யலாம். உடல் ஒத்துழைத்தால் போதும். ரத்த வாடைக்குச் சுறா வரும் என்ற பயத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

காது வலிக்குமா?

காதைச் சமன் செய்யத் தெரியாவிட்டால் வலிக்கும், தெரிந்தால் வலிக்காது. புதியவர்கள் டைவைப் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செவிப்பறைக்கு உட்புறம் காற்று நிரம்பிய சிறிய அறை இருக்கிறது. நீங்கள் இறங்க இறங்க அந்தக் காற்று சுருங்கும், செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படும். முதல் பத்து மீட்டரில் அது பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த பத்து மீட்டரில், பாதியாக இருந்தது முதல் அளவின் மூன்றில் ஒரு பங்காகிறது, அவ்வளவுதான். எனவே சிக்கல் முழுவதும் மேல்மட்டத்தில்தான். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாகக் காற்றை ஊதினால் தொண்டையிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்து காற்று உள்ளே போகும். இரு காதிலும் ‘பொக்’ என்று கேட்கும். இதை வலி வந்த பின் செய்யக் கூடாது. தலை நீருக்குள் போனதுமே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை செய்துகொண்டே இறங்க வேண்டும். திறக்கவில்லையா? ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். பலமாக ஊதிக் காதைத் திறக்கப் பார்ப்பவர்களுக்கு உட்காது பாதிக்கப்பட்டு, கேட்கும் திறனே குறைந்துபோகலாம்.

ஒரு காது மட்டும் பிடிவாதம் பிடித்தால், அந்தக் காது மேல்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொண்டு எச்சில் விழுங்குங்கள். இதையெல்லாம் வீட்டிலேயே பத்து நாள் பழகலாம், செலவில்லை. சளி பிடித்திருந்தால் அன்று டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: மருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது தணிந்தால், விரிகிற காற்று வெளியேற முடியாமல் மேலே வருவதே வேதனையாகிவிடும்.

மூக்குக்கண்ணாடி அணிகிறேன். மீசையும் உண்டு. பிரச்சினையா?

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு டைவ் செய்யலாம். பவர் பொருத்திய மாஸ்க்கும் கிடைக்கும். நீருக்குள் பொருட்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் அருகிலும் தெரியும் என்பதால், குறைந்த கிட்டப்பார்வைக்காரர்கள் பலர் எதுவும் இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள்.

மீசைதான் உண்மையான சிக்கல். மாஸ்க்கின் விளிம்பு மேலுதட்டில் ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் தண்ணீர் கசியும். முழுதாக எடுக்க வேண்டாம். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு அளவுக்குக் கத்தரித்துவிட்டால் ரப்பர் தோலில் பதியும். இதைச் சொன்னதும் பயணத்தையே கைவிடலாமா என்று யோசித்தவர்களை அறிவேன். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் இறுகப் பின்னிக்கொள்ளுங்கள். நெற்றியில் விழும் ஓரிரு முடிகூட மாஸ்க்கில் தண்ணீரைக் கொண்டுவந்துவிடும். தலைக்கு எண்ணெய் அன்று வேண்டாம்.

டைவ் மையத்தையும் படகையும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

விலையைக் கேட்பதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் உடன் வருகிறாரா? நாங்கள் நீருக்குள் இருக்கும்போது படகில் யார் இருப்பார்? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? வயர்லெஸ் இருக்கிறதா? திரும்பும் முன் தலை எண்ணுகிறீர்களா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். உலகில் டைவர்களை நடுக்கடலில் விட்டுவிட்டுப் படகுகள் திரும்பி வந்தது நடந்திருக்கிறது, சரியாக எண்ணாமல் கிளம்பியதால். நல்ல மையம் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தே இருக்கும். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வோம் சார்’ என்பது பதிலல்ல.

ஹேவ்லாக்கில் ஃபைபர் படகுகளும், ‘டுங்கி’ என்று உள்ளூரில் சொல்லப்படும் மரப் படகுகளும் ஓடுகின்றன. டுங்கி மெதுவாகப் போகும், டீசல் வாடை வீசும். ஆனால் அதை ஓட்டுகிறவருக்கு அந்தக் கடல் கைரேகை போலப் பழக்கம். டைவ் மையங்களில் வேலை செய்கிறவர்களில் கரேன் இனத்தவர் உண்டு. 1925 முதல் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்டு வடக்கு, மத்திய அந்தமானில் குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கண்ணாடி மாளிகை போன்ற வரவேற்பறையைவிட அப்படியொரு படகோட்டிக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

கருவியையும் சோதியுங்கள். சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரில் மூச்சு இழுக்கும்போது எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரசரில் கோளாறு என்று அர்த்தம். சிலிண்டரின் கழுத்தில் அழுத்தச் சோதனைத் தேதி பொறித்திருக்கும். பார்க்கத் தயங்க வேண்டாம்.

எவ்வளவு செலவாகும்?

பருவத்துக்கும் மையத்துக்கும் ஏற்ப மாறும். ஓப்பன் வாட்டர் படிப்புக்கு முப்பதாயிரம் ரூபாயை ஒட்டியோ அதற்கு மேலோ கணக்கில் வையுங்கள். அறிமுக டைவில், கரையிலிருந்து நடந்து இறங்குவது மலிவு, படகில் போவது அதிகம். விலையைவிட அதில் அடங்கியது எது என்பதே முக்கியம்: நீருக்குள் எத்தனை நிமிடம், கருவி வாடகை சேர்த்தா, வரி சேர்த்தா, படிப்பு என்றால் சான்றிதழ்க் கட்டணம் சேர்த்தா. கடற்கரையில் துண்டுச்சீட்டு நீட்டுபவர் சொல்லும் விலையில், நீருக்குள் இருக்கும் நேரம் பெரும்பாலும் சொல்லப்படாது.

குழுவாகப் போகிறோம். ஒரு படகையே வாடகைக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் எல்லோரும் ஒரே நிலையில் இருந்தால்தான் பலன். ஹேவ்லாக்கைச் சுற்றியுள்ள டைவ் இடங்கள் ஒன்றுக்கொன்று ஒப்பில்லாதவை. அக்வேரியம், லைட்ஹவுஸ் போன்றவை ஆழம் குறைந்தவை, புதியவருக்கு ஏற்றவை. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்றவை திறந்த கடலில், இருபது முப்பது மீட்டர் ஆழத்தில், நீரோட்டம் பிடுங்கும் இடங்கள். குழுவில் மூவர் சான்றிதழ்காரர்கள், ஐவர் முதல்முறை என்றால், ஒரு படகு யாரையும் திருப்தி செய்யாது. பிரித்துவிடுங்கள்.

வாடகை பேசும்போது எழுத்தில் பெற வேண்டியவை: எந்த இடங்கள், வானிலையால் மாற்றினால் யார் முடிவெடுப்பது, துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்தினால் பணம் திரும்புமா, டைவ் செய்யாமல் படகில் வருகிறவருக்கு எவ்வளவு. இடத்தை மாற்றும் உரிமையைப் படகோட்டியிடமே விடுங்கள். ‘பணம் கொடுத்தாயிற்று, டிக்சனுக்குத்தான் போக வேண்டும்’ என்று வாதாடும் வாடிக்கையாளரால்தான் மோசமான டைவ்கள் நிகழ்கின்றன.

ஒரு நாள் படகுப் பயணம் எப்படி இருக்கும்?

அதிகாலையில் தொடங்கும். தீவுகள் சென்னைக்கு வெகு கிழக்கே இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால், சூரியன் முக்கால் மணி நேரம் முந்திக்கொள்ளும். ஆறரைக்குப் படகு என்றால் அப்போதே நல்ல வெயில். கடல் உள்வாங்கிய வற்ற நேரத்தில் படகு கரைக்கு அருகே வராது. பவளக்கல் குத்தும் ஆழமற்ற நீரில் நடந்துபோய் ஏற வேண்டியிருக்கும். பழைய செருப்பு ஒன்று இருக்கட்டும்.

இடம் வந்ததும், நீருக்குள் குழுவை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் திட்டத்தை விளக்குவார். பிறகு கருவியை மாட்டிக்கொண்டு இணையரோடு ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம்: அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து முறை ஆழமாக மூச்சு இழுங்கள். ஊசி அசையாமல் 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றால் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஊசி துள்ளிக் கீழே போய் வந்தால் சிலிண்டர் வால்வு சரியாகத் திறக்கப்படவில்லை. மேலே மூச்சு வரும், ஆழத்தில் வராது.

படகின் விளிம்பில் முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் மாஸ்க்கையும் ரெகுலேட்டரையும் அழுத்திப் பிடித்தபடி பின்னால் சாய்ந்தால் போதும், மீதியைச் சிலிண்டரின் எடை பார்த்துக்கொள்ளும். நீருக்குள் கட்டைவிரலை உயர்த்தாதீர்கள். ‘அருமை’ என்று சொல்ல நம் கை தானாக அப்படிப் போகும். அங்கே அதற்கு ‘மேலே போவோம்’ என்று பொருள். டைவ் மாஸ்டர் உங்களை மேலே கூட்டிப்போய்விடுவார். நலம் என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்.

சிலிண்டரில் 50 பார் மிஞ்சும்போது நீங்கள் மேற்பரப்பில் இருக்க வேண்டும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். படகில் தேநீர், பிஸ்கட், தர்பூசணி. ஒரு மணி நேர இடைவெளிக்குப் பின் இரண்டாவது டைவ். நண்பகலுக்குள் கரை.

படகில் வாந்தி வருமே?

வரும். வெறும் வயிற்றில் ஏறினால் இன்னும் மோசம். இரண்டு இட்லி சாப்பிடுங்கள், முந்தைய இரவு மதுவைத் தவிருங்கள், புகை வராத பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், செல்பேசியைப் பையில் போடுங்கள். வாந்தி மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைத் தரும். எனவே மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீருக்குள் இறங்கினால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். இறங்கிய பிறகும் வந்துவிட்டால், ரெகுலேட்டரை வாயிலிருந்து கழற்றாமல் அதன் வழியாகவே வாந்தி எடுக்கலாம். அதற்கு இடம் கொடுக்கும்படிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. மீன்கள் விருந்துக்கு வந்துவிடும், கண்டுகொள்ளாதீர்கள்.

சொந்தமாக எதை வாங்குவது?

மாஸ்க் மட்டும். முகத்தில் வைத்து, பட்டையை மாட்டாமல் மூக்கால் மூச்சை இழுத்தால் தானாக ஒட்டி நிற்க வேண்டும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். பற்பசையால் சிலமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் எத்தனை முறை எச்சில் தடவினாலும் பனி மூடும். தொடர்ந்து டைவ் செய்யப் போகிறீர்கள் என்றால் அடுத்து, ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர். மற்றவை வாடகைக்குக் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: செயற்கைக்கோள் தொலைபேசியையும் செயற்கைக்கோள்வழிச் செய்தி அனுப்பும் கருவியையும் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. அங்கே டைவ் பையில் வழக்கமாக இருப்பதுதான். இங்கே விமான நிலையத்தில் விசாரணையில் முடியும்.

சுறா? முதலை?

ஹேவ்லாக்கில் சுறாவைப் பார்ப்பதே அதிர்ஷ்டம். நான் எச்சரிப்பது கிளாத்தியைப் பற்றி. முட்டையிட்டுக் காவல் காக்கும் பெரிய கிளாத்தி மீன் துரத்தித் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போவதால், மேலே தப்பினால் இன்னும் மாட்டிக்கொள்வீர்கள். பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். கல்லிடுக்கில் வாயைத் திறந்து மூடும் அஞ்சாளை கோபமாக இல்லை, மூச்சுவிடுகிறது. கையை நீட்டாதவரை பயமில்லை.

உப்புநீர் முதலை அந்தமானில் உண்டு. 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு அருகே ஓர் அமெரிக்கப் பயணி முதலைக்குப் பலியானார். அலையாத்திக் காடுகள், ஓடைகளின் வாய், எச்சரிக்கைப் பலகை உள்ள கடற்கரை: இங்கெல்லாம் குளிக்க வேண்டாம். டைவ் இடங்கள் அவற்றிலிருந்து தள்ளியே இருக்கின்றன.

படங்களில் பார்ப்பது போல வண்ணமயமான பவளப்பாறைகள் இருக்குமா?

எல்லா இடத்திலும் இல்லை. 2010-இல் கடல்நீர் சூடேறி, அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. ஆழம் குறைந்த இடங்களில் அந்தச் சேதம் இன்னும் தெரியும். தவிர, சிவப்பு நிறம் ஐந்து மீட்டரிலேயே மங்கத் தொடங்கிவிடும். டார்ச் இல்லாமல் எல்லாம் நீலப் பச்சைதான். ஆனால் மீன் குறையாது. டிக்சனில் சங்கரா மீன்களின் மஞ்சள் கூட்டம் பாறையை மறைத்து நிற்கும், சீலா வட்டமிடும். அதற்காகவே போகலாம்.

பாரன் (Barren) தீவு எரிமலை அருகே டைவ் செய்யலாமா?

தெற்காசியாவின் ஒரே உயிருள்ள எரிமலை அது. ஒன்றரை நூற்றாண்டு உறங்கிவிட்டு 1991-இல் விழித்தது; அதன்பின் அவ்வப்போது புகைகிறது. போர்ட் பிளேரிலிருந்து 130 கிலோமீட்டருக்கும் மேல். படகிலேயே தங்கிப் போகும் லைவ்அபோர்ட் பயணம்தான் வழி. அரசு அனுமதி தேவை, தீவில் கால் வைக்க முடியாது. கரிய எரிமலை மணல், தெளிந்த நீர், சில சமயம் யானைத் திருக்கை. உதவி கிடைக்கப் பல மணி நேரம் ஆகும் இடம் என்பதால், கைநிறைய அனுபவம் வந்த பிறகு போகச் சொல்வேன்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கடலில் டைவ் செய்யக் குறைந்த வயது 10. எட்டு வயதுக் குழந்தைக்கு நீச்சல் குளத்தில் ஆழமற்ற பயிற்சி உண்டு. வயது நிரம்பியும் பயப்படும் குழந்தையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். புகைப்படம் அடுத்த வருடமும் எடுக்கலாம்.

சிப்பி, பவளத் துண்டு எடுத்து வரலாமா?

கூடாது. பவளம், பல வகைச் சங்குகள், கடல் அட்டை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செத்த பவளமும் சட்டத்துக்குப் பவளமே. கடையில் வாங்கிய சங்குப் பொருளுக்கு ரசீதை வைத்திருங்கள்.

நீருக்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

மேலே வந்தபின் மூட்டில் வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், காரணமற்ற கடும் சோர்வு எதுவானாலும் உடனே டைவ் மாஸ்டரிடம் சொல்லுங்கள். முதல் சிகிச்சை தூய ஆக்சிஜன். படகில் அது இருக்கிறதா என்று முதலிலேயே கேட்கச் சொன்னது இதற்குத்தான். அடுத்தது மறு அழுத்த அறை: உடலை மறுபடி அழுத்தத்துக்கு உட்படுத்திக் குமிழிகளைச் சுருக்கும் இடம். போர்ட் பிளேரில் ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரி என்ற கடற்படை மருத்துவமனையில் அது இருக்கிறது. ‘சுளுக்காக இருக்கும், காலையில் பார்ப்போம்’ என்று தூங்கப் போகாதீர்கள். கடைசிப் படகு போய்விட்டால் இரவு முழுவதும் ஹேவ்லாக்கில்தான்.

சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பல ஸ்கூபாவை விலக்கியிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரை மட்டும் ஏற்கும். சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, தேவையென்றால் டைவிங்குக்கான தனிக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு எண்ணையும் ரத்த வகையையும் ஒரு காகிதத்தில் எழுதி, உங்களோடு இறங்காமல் படகிலேயே இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள்.